கம்பத்தை வரையுமுன் பேரிங்கைத் தீர்மானியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி சரக்கு முனையங்கள் 2027க்குள் துவாசுக்கு இடம்பெயர இருக்கின்றன. பாசிர் பாஞ்சாங்கிலிருந்து மரினா ஈஸ்ட் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர்க் கரை படிப்படியாக மக்கள் நடமாட்டத்துக்கு வரப்போகிறது. கரையோரமாக விடாமல் நடக்க வேண்டுமென்றால் பழைய கப்பல்துறை வாய்களை எங்காவது தாண்டித்தான் ஆக வேண்டும். பாய்மரப் படகும் உள்ளே வர வேண்டும், மக்களும் குறுக்கே போக வேண்டும் என்றால், திறந்து மூடும் நடைப்பாலம் ஒன்று கட்டலாமே என்ற பேச்சு எழும். அதைக் கம்பிவடங்கள் தாங்கும் பாலமாகக் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும் என்பதும் கூடவே வரும். அப்படிப்பட்ட பாலத்தில் எது எளிது, எது கடினம், எது பின்னால் பணத்தை விழுங்கும் என்பதைப் படம் வரைவதற்கு முன்பே பேசிவிட வேண்டும் என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில், எங்கே வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். சிங்கப்பூர் ஆற்றுக்குத் திறக்கும் பாலம் புதிதல்ல. இன்று எல்ஜின் பாலம் நிற்கும் இடத்தில் 1820களில் லெஃப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் அமைத்தது மரத்தாலான தூக்குப் பாலம். 1869இல் முடிந்த கேவனா பாலத்தையும் தூக்குப் பாலமாகவே திட்டமிட்டார்கள். முடித்த பிறகுதான் அது அசையாப் பாலமாக மட்டுமே உதவும் என்பது தெரிந்தது. நீர் ஏறிய வேளையில் சுமைப் படகுகள் அதன் அடியில் நுழைய முடியாமல், நீர் இறங்கும்வரை காத்துக் கிடந்தன. வண்டிப் போக்குவரத்தும் பெருகவே, 1910இல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலத்தைக் கட்ட வேண்டி வந்தது. மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு, அதாவது சுமார் 152 கிலோவுக்கு, மேற்பட்ட வண்டியும் மாடும் குதிரையும் போகக்கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை கேவனா பாலத்தில் இன்றும் இருக்கிறது. பாலம் திறக்க வேண்டும் என்றால் அது முதல் கோட்டிலிருந்தே திறக்கும் பாலமாக இருக்க வேண்டும். பின்னால் ஒட்டுப்போட முடியாது.

இன்றைய நிலை வேறு. 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு ஆற்றில் ஏற்றவற்றம் இல்லை, கடலிலிருந்து பாய்மரம் எதுவும் உள்ளே வருவதில்லை. சுற்றுலாப் படகுகள் இருக்கும் பாலங்களின் அடியிலேயே போய் வருகின்றன. 1989இல் மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட, ஆற்றங்கரையிலுள்ள போட் கீயில் இரண்டு மூன்று மாடிக் கடைவீடுகளுக்கு நடுவே 24 மீட்டர்க் கம்பத்தை நட்டு, யாரும் கேட்காத ஒரு திறப்புக்காக இயந்திரமும் ஆளும் வைத்துக் காப்பது சரியாகாது. ஆற்றில் பாலம் வேண்டுமென்றால் தாழ்வான, அசையாத பாலம் போதும்.

கெப்பல் பக்கம் கதை வேறு. அங்கே கடல் கடலாகவே இருக்கிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றவற்றத்தின்போது நீர்மட்டம் சுமார் 3 மீட்டர் ஏறி இறங்கும். உயரமான பாய்மரங்கள் வந்து போகின்றன. 1913இல் திறந்த கிங்ஸ் டாக் என்ற கப்பல் பழுதுபார்க்கும் துறை, 1927இல் எழுந்த செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம், சற்றுத் தள்ளி 1932ஆம் ஆண்டின் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் என்று பழைய துறைமுகத்தின் முகம் இன்னும் மிச்சம் இருக்கிறது. புவனஸ் அயர்சின் புவெர்ட்டோ மதெரோவும் இதே மாதிரி இடம்தான்: செங்கல் கிடங்குகள் வரிசையாக நிற்கும் பழைய கப்பல்துறை. அங்கே சந்தியாகோ காலத்ராவா வடிவமைத்து 2001இல் திறந்த நடைப்பாலத்தில் 102 மீட்டர்ப் பகுதி கம்பத்தோடும் வடங்களோடும் சேர்ந்து 90 டிகிரி சுழன்று வழிவிடுகிறது. இங்கிலாந்தின் சால்ஃபர்டில் 2011இல் வந்த நடைப்பாலமும் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்ற அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

திறக்கும் வகைகளில் கம்பிவடத்துக்கு இயல்பாகப் பொருந்துவது சுழல் பாலம். ஒரே தூண்மேல் கம்பம் நிற்கிறது. படகு வழிக்குமேல் நீளும் முன்கையை வடங்கள் பிடிக்கின்றன; அவற்றின் இழுப்பைத் தூணுக்குப் பின்னால் நீளும் பின்கையிலுள்ள எதிர்எடை சமன் செய்கிறது. வடத்தின் இழுவிசை பாலத்துக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடுகிறது, கரைக்குப் போவதில்லை. பழைய துறையில் இதுவே பெரிய நன்மை. பின்வடத்தைக் கரையில் நங்கூரமிட்டால் நூறாண்டுப் பழைய கரைச்சுவருக்குப் பின்னால் பல நூறு டன் இழுப்பு விழும். அந்தச் சுவர்கள் மண்ணைத் தாங்கக் கட்டியவை, வடத்தைத் தாங்க அல்ல. போதாததற்கு, நம் தாழ்நிலக் கரைகளில் பல இடங்களில் அடியில் இருப்பது கல்லாங் படிவத்தின் மென்மையான கடல் களிமண்.

ஒரு மாதிரிப் பாலத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். முன்கை 60 மீட்டர், பின்கை 20 மீட்டர், நடைதளத்தின் அகலம் 4 மீட்டர். எஃகுத் தளம் மீட்டருக்கு 1.2 டன் என்று வைத்தால் முன்கை 72 டன், பின்கை 24 டன். எடையைத் தூணிலிருந்து அதன் மையம் உள்ள தூரத்தால் பெருக்கினால் வரும் திருப்பம் முன்கைக்கு 2,160 டன் மீட்டர், பின்கையினுடையது 240தான். மிச்சம் 1,920. எதிர்எடையின் மையம் தூணிலிருந்து 17 மீட்டரில் இருந்தால் 113 டன் வேண்டும். சாதாரண கான்கிரீட் என்றால் 47 கன மீட்டர்; பின்கை பெட்டிபோல் தடித்து நிற்கும். எஃகுக் கட்டிகள் என்றால் 15 கன மீட்டருக்குள் அடங்கி, தளத்துக்குள்ளேயே மறைந்துவிடும். பழமையான இடத்தில் எஃகுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீணல்ல. கம்பமும் வடங்களும் சேர்த்தால் எல்லாமாகச் சுமார் 240 டன் தூணின் தலையில் பாலம் சுழல்வதற்காக வைக்கும் ஒரே வளைய பேரிங்கின்மேல் உட்காரும்.

எதிர்எடையை வரைபடத்தை நம்பி முழுவதும் அடைத்துவிடக் கூடாது. பெயின்ட், வெல்டிங், கைப்பிடி, விளக்கு, ஒயர் என்று ஒவ்வொன்றும் கணக்கைக் கொஞ்சம் நகர்த்தும். பாலத்தை ஜாக்கிகளின்மேல் நிறுத்தி, ஒரு முனையை மெல்ல ஏற்றும்போதும் இறக்கும்போதும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டின் சராசரி சமநிலைப் பிழையைச் சொல்லும், வித்தியாசம் உராய்வைச் சொல்லும். அதன் பிறகே கடைசி 5 விழுக்காட்டைத் துண்டுக் கட்டிகளாக வைத்துப் பூட்ட வேண்டும். பிறகு எடுக்கவும் சேர்க்கவும் வழி இருக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்துத் தளத்தின் மேற்பூச்சை 6 மில்லிமீட்டர் தடிப்பாகப் போட்டாலே முன்கையில் கிட்டத்தட்ட 3 டன் ஏறிவிடும். வடிகால் வாயில் இலை அடைத்து 10 மில்லிமீட்டர் மழைநீர் தேங்கினால் 2.4 டன், அதாவது 72 டன் மீட்டர். நம் ஊர் மழைக்கு 10 மில்லிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே தளம் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிய வேண்டும், வடிகால் துளை குனிந்து பார்க்காமலே கண்ணில் பட வேண்டும்.

அடுத்தது மோட்டார். 240 டன்னைச் சுழற்றப் பெரிய விசை வேண்டும் என்று தோன்றும். அப்படியில்லை. 3 மீட்டர் விட்டமுள்ள நல்ல பேரிங்கில் உராய்வு சுமார் 20 கிலோநியூட்டன் மீட்டர்தான். மூன்று நிமிடத்தில் 90 டிகிரி திருப்ப, தொடக்க வேகம் எடுக்க ஒரு 60. ஆனால் விநாடிக்கு 20 மீட்டர் காற்று பக்கவாட்டில் அடித்தால், நீளமான முன்கைக்கும் குட்டையான பின்கைக்கும் உள்ள வித்தியாசத்தால் சுமார் 760 கிலோநியூட்டன் மீட்டர் முறுக்கு வரும். மோட்டாரின் அளவைத் தீர்மானிப்பது பாலத்தின் எடை அல்ல, காற்று. இதில் வேடிக்கை போலத் தோன்றும் ஓர் உண்மை: வேகம் குறைவு என்பதால் ஆற்றல் 7 கிலோவாட்டைத் தாண்டாது, ஆனால் பல்சக்கரத்தின் விளிம்பில் 50 டன் அழுத்தும். பல் உடைவதும் கியர்பெட்டி நெளிவதும் இங்கேதான். இரண்டு மோட்டார்கள், அவை சுழற்றும் இரண்டு பினியன்கள் (சிறு பல்சக்கரங்கள்) வைத்து, ஒன்று பழுதானாலும் மற்றது அமைதியான காற்றில் பாலத்தை மூடிவிடும்படி அமைக்க வேண்டும்.

'சுமத்ரா' புயற்காற்று பெரும்பாலும் விடிகாலையில், திடீரென்று வந்துவிடும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் அதற்குச் சாதாரணம். 80 என்றாலே விநாடிக்கு 22 மீட்டர். 1984 ஏப்ரல் 25இல் தெங்காவில் பதிவானது மணிக்கு 144.4 கிலோமீட்டர், விநாடிக்கு 40 மீட்டர். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்: 760 என்பது 3,000ஐத் தாண்டிவிடும். அதைப் பல்சக்கரத்தால் பிடித்தால் பல்லில் 200 டன். அதையே 60 மீட்டர் தள்ளி, மூக்கில், அதாவது முன்கையின் நுனியில், ஒரு தாழ்ப்பாளால் பிடித்தால் 5 டன் போதும். ஆகவே மூடிய நிலையில் மட்டுமின்றித் திறந்து நிறுத்தும் நிலையிலும் மூக்கைத் தாங்க ஒரு முட்டுத்தூணும், நுழைந்து பூட்டும் முளையும் கட்டாயம் வேண்டும். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்தத் தூண்தான். வெட்ட விடாதீர்கள்.

மூக்கு முனைதான் இந்த வகைப் பாலத்தின் உயிர்நிலை. வடங்கள் தளத்தைச் சமமாக நிறுத்திவிடும். ஆனால் மக்கள் நிறைந்தால் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் வீதம் முன்கையில் மட்டும் 120 டன் ஏறும். முன்கைத் தளத்தின் சொந்த எடையைவிட அது அதிகம். எனவே மூடியதும் மூக்கை ஹைட்ராலிக் ஜாக்கியோ ஆப்போ கொண்டு மேலே தூக்கி, தாங்கியின்மேல் உண்மையாகவே உட்கார வைக்க வேண்டும். சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் நடப்பவர் ஒவ்வொருவருக்கும் 'டக் டக்' என்று அடிக்கும், சில மாதத்தில் தாங்கி தேய்ந்துவிடும். பின்கை முனைக்கும் தாங்கி வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் பின்கையில் நிற்கும்போது மூக்கு எழும்பும்.

அந்த ஜாக்கி எத்தனை மில்லிமீட்டர் ஓட வேண்டும்? இதைக் குறைத்துப் போடுவதால்தான், பிற்பகலில் மூடாமல் நிற்கும் பாலங்கள் உருவாகின்றன. 24 மீட்டர்க் கம்பத்தின் உச்சியிலிருந்து மூக்குக்குப் போகும் வடம் கிட்டத்தட்ட 65 மீட்டர் நீளம், சாய்வு 22 டிகிரி. வெயிலில் வடங்கள் தளத்தைவிட 10 டிகிரி அதிகம் சூடானால் இந்த வடம் 8 மில்லிமீட்டருக்குக் கிட்ட நீளும். பின்வடம் நீள்வதால் கம்பத்தின் தலை 6 மில்லிமீட்டர் முன்னால் சாயும். இரண்டும் படுத்த கோணத்தால் பெருகி, மூக்கு 35 மில்லிமீட்டர் தாழும். அடுத்து அடித்தளம்: தூணுக்கு அடியில் பைல்களின் தலையை இணைக்கும், 6 மீட்டர் அகலமுள்ள கான்கிரீட் தொப்பியின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 6 மில்லிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் சாய்வு ஆயிரத்தில் ஒன்று. 60 மீட்டர் தள்ளி மூக்கில் அது 60 மில்லிமீட்டர். தாங்கியில் உட்கார வைக்கும் அழுத்தத்துக்கு ஒரு 40. தயாரிப்புப் பிழைக்கு 15. கூட்டினால் 150. நூறு மில்லிமீட்டர் ஓடும் ஜாக்கியைப் போட்டுவிட்டு, சில ஆண்டு கழித்து மூக்கு தாங்கியில் முட்டி நிற்கும்போது இயக்குபவரைக் குறைசொல்வது நியாயமில்லை. வடத்தின் உறையை வெள்ளையாகப் போட்டால் அந்த 35இல் ஒரு பங்கு குறையும். கறுப்பு உறை படத்தில் மட்டும் மெலிந்து தெரியும்.

அதே மூக்கில் இன்னொரு சிறு விஷயம். கரைக்கும் தளத்துக்கும் நடுவே விரிவு சுருக்கத்துக்காக 40, 50 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டியிருக்கும். கைத்தடியின் நுனி, சக்கர நாற்காலியின் முன்சக்கரம், குழந்தை வண்டி எல்லாம் அதில் மாட்டும். கீல் வைத்த மூடுதகடு வேண்டும். அது தாழ்ப்பாள் விழுந்த பிறகே படிய வேண்டும், தாழ்ப்பாள் எடுக்குமுன் எழும்ப வேண்டும். அணுகுபாதையின் சரிவு 12க்கு 1ஐவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது விதி. முதியவர்கள் நடக்கும் இடத்தில் 20க்கு 1 என்று வைப்பதே மரியாதை.

பைல் போடும்போது பழைய கட்டடங்களின் பக்கத்தில் அதிர்வை விநாடிக்கு 3 மில்லிமீட்டருக்குள் வைக்கச் சொல்கிறது ஜெர்மானியத் தரவிதி. சுத்தியலால் அடித்து இறக்கும் முறை அங்கே சரிப்படாது, துளையிட்டு வார்க்கும் முறைதான். பாலத்தைத் திறந்த நிலையில், கரைக்கு இணையாக வைத்துப் பூட்டினால் படகு வழி அடைபடாது. முழுதாக வேறிடத்தில் செய்து தூக்கி வைப்பதும் உண்டு: 850 டன்னுக்கு மேற்பட்ட கேட்ஸ்ஹெட் மில்லெனியம் பாலத்தை 2000 நவம்பரில் தூக்கி வைத்தது சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் மிதவைப் பாரந்தூக்கியான 'ஏஷியன் ஹெர்குலிஸ் 2'. தூக்கும் திறன் நமக்குப் புதிதல்ல.

அதிர்வு பற்றிச் சுருக்கமாக. லண்டன் மில்லெனியம் நடைப்பாலம் 2000 ஜூனில் திறந்த உடனேயே பக்கவாட்டில் ஆடி மூடப்பட்டு, ஆட்டத்தை அடக்கும் டேம்பர்கள் பொருத்தியபின் 2002 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ராட்டர்டாமின் எராஸ்மஸ் பாலத்தில் 1996இல் மழையும் காற்றும் சேர்ந்து வடங்களையே ஆட்டின. நம்மிடம் தேசிய தின வாணவேடிக்கைக் கூட்டமும் உண்டு, மழைக்காற்றும் உண்டு. உறையில் சுருள் வரி போட்ட வடங்களும், பொருத்திக் கழற்றக்கூடிய டேம்பர்களுக்கு இடமும் முதலிலேயே வேண்டும். பாலம் மூடியிருக்கும்போதும் திறந்திருக்கும்போதும் அதிர்வெண் வேறு என்பதால் இரண்டு நிலைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

மின்னலை மறந்துவிடுவார்கள். ஆண்டில் 160 நாளுக்கு மேல் இடி கேட்கும் ஊர் இது, சுற்றுவட்டத்தில் உயர்ந்து நிற்பது இந்தக் கம்பம். இறங்கும் மின்னோட்டம் தரைக்குப் போக இருக்கும் இயல்பான வழி பேரிங்கின் உருளைகள் வழியாகத்தான். அங்கே தீப்பொறி பறந்தால் ஓடுதடத்தில் ஊசிமுனைக் குழிகள் விழும். முதலில் ஒரு முனகல் கேட்கும், பிறகு கிரீஸில் எஃகுத் துகள் மின்னும், அதன் பிறகு மாற்றுவதைத் தவிர வழியில்லை. தூணையும் சுழலும் பகுதியையும் தடித்த நெகிழ் செம்புப் பட்டைகளால் இணைத்து, மின்னோட்டம் பேரிங்கைச் சுற்றிப் போகும்படி செய்ய வேண்டும். சில ஆயிரம் வெள்ளி வேலை.

திறக்கும் நேரத்தையும் யோசிக்க வேண்டும். முதியவர் விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் 80 மீட்டரைக் கடக்க 100 விநாடி. தாழ்ப்பாள் எடுக்க, சுழல, படகு போக, திரும்பிச் சுழல, மூக்கைத் தூக்கி உட்கார வைக்க என்று மொத்தம் 11, 12 நிமிடம் ஆகும். அத்தனை நேரம் இருகரையிலும் மக்கள் வெயிலில் நிற்பார்கள். நிழற்கூரையும் உட்கார இடமும் நான்கு மொழியிலும் அறிவிப்பும் பாலத்தின் பகுதிகளே, அலங்காரம் அல்ல. கதவுகளுக்கு நடுவே யாரும் சிக்கவில்லை என்பதைக் கேமராவில் ஒருவர் கண்ணால் பார்த்த பிறகே தாழ்ப்பாள் எடுக்க வேண்டும். அதை முழுக்கத் தானியங்கி உணரிகளிடம் விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

பாம்பன் தூக்குப் பாலத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1914இல் திறந்த அந்தப் பழைய பாலம், ஆட்கள் கையால் நெம்பித் திறந்த, உருண்டு மேலெழும் ஷெர்சர் வகை. உப்புக் காற்றில் நூறாண்டுக்கு மேல் உழைத்தது, விடாமல் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்ததால்தான். அங்கே கைக்கு எட்டாத பாகம் குறைவு. கம்பிவடப் பாலத்தில் கைக்கு எட்டாதவைதான் அதிகம்: வடத்தின் கீழ்முனைக் குழல்களில் தேங்கும் நீர், கம்ப உச்சியின் முளைகள், பேரிங்கின் அடிப்பக்க போல்ட்டுகள். எனவே எந்த வடத்தையும் பாலம் திறந்து நிற்கும் நிலையில் தனியாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். தூணின் தலையில், பேரிங்கைச் சுற்றி, 240 டன்னையும் தூக்க ஜாக்கி வைக்கும் இடங்கள் முதலிலேயே வார்க்கப்பட்டிருக்க வேண்டும். பழைய வளையம் பக்கவாட்டில் வெளியே வர வழியும் வேண்டும். மின்சாரம் போனால் கையால் அடிக்கும் பம்பால் மூட முடிய வேண்டும், அதை ஆண்டுக்கு இருமுறை உண்மையாகவே செய்து பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட நடைப்பாலத்துக்கு வடிவமைப்புப் போட்டி நடத்தும் நாள் வந்தால், கலந்துகொள்வோரிடம் மாலை வெளிச்சத்தில் தீட்டிய படத்தோடு மூன்று தாள்களையும் சேர்த்துக் கேட்க வேண்டுகிறோம். ஒன்று, மூக்கின் ஏற்ற இறக்கக் கணக்கு. இரண்டு, பேரிங்கை மாற்றும் முறை, படிப்படியாக, படகு வழி எத்தனை நாள் அடைபடும் என்பதோடு. மூன்று, முதல் 30 ஆண்டுக்கான பராமரிப்புச் செலவு, கட்டுமானச் செலவிலிருந்து பிரித்துக் காட்டப்பட்டதாக. முதல் சுற்றிலேயே கேளுங்கள். வென்ற படம் செய்தித்தாளில் வந்த பிறகு கம்பத்தின் உயரத்தையோ தூணின் தடிமனையோ யாரும் மாற்ற விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
கட்டமைப்பு, இயந்திரப் பொறியாளர்கள் சிலர்
சிங்கப்பூர்